செங்கடலும் தளி ரோஜாவும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், வேதியியல்)

வேதியியல் படிக்கும் மாணவனுக்கு உலக அரசியலில் என்ன வேலை என்று, இக்கட்டுரையைப் புரட்டும் நண்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. போர்ச் செய்தி என்பது தேநீர்க் கடையில் பக்கத்து ஆள் படித்து முடிக்கும்வரை காத்திருந்து, வாங்கிப் படித்து, மடித்து வைத்துவிட்டு எழுந்து போகிற ஒன்று என்றுதான் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன்.

2024-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் வாரம். நான் பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு அம்மா வேலையிலிருந்து வந்துவிட்டார். அவர் தளிக்கு அருகில் ஒரு ரோஜாப் பண்ணையில் பூக்களைத் தரம் பிரித்துக் கட்டுக் கட்டும் கொட்டகையில் வேலை செய்பவர். காதலர் நாளுக்கு முந்தைய அந்த வாரத்தில் இரவு ஒன்பது மணிக்கு முன் அவர் வீடு திரும்பி நான் பார்த்ததில்லை. மிகைநேரக் கூலி கிடைப்பதும் அந்த வாரத்தில்தான்; என் தேர்வுக் கட்டணமும் கல்லூரிச் சேர்க்கைச் செலவும் அந்தக் கூலியை நம்பியே இருந்தன. “என்னம்மா, இந்நேரத்துக்கே?” என்றேன். “பூ ஏத்த இடம் கிடைக்கலையாம். எங்கேயோ கடல்ல சண்டையாம்” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஊர் ரோஜா கப்பலில் போவதே இல்லை. பண்ணையிலிருந்து குளிர்பெட்டி வண்டியில் பெங்களூர் விமான நிலையத்துக்குப் போய், வானில் பறந்து போகிற பூ அது. கப்பலில் ஏறாத பூவைக் கடற்சண்டை எப்படித் தொடும்? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டதுதான் இக்கட்டுரை. தேடத் தேட ரோஜாவை விட்டு வெகுதூரம் போய்விட்டேன், பொறுத்தருள்க.

பூவின் காலக்கணக்கு

தளி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய மேட்டு நிலம். வெள்ளைக்காரர்கள் இதனை ‘லிட்டில் இங்கிலாந்து’ என்று அழைத்தார்கள் என்பதை எங்கள் ஊரார் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்வர். அந்தக் குளிர்ச்சிதான் ரோஜாவை இங்கே கொண்டுவந்தது. ஓசூரிலிருந்து தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வருவோர் சாலையின் இரு மருங்கிலும் வெள்ளை நிறத்தில் மிதப்பதுபோல் காண்பவை பசுமைக்குடில்கள். எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. எல்லாருக்கும் அது ‘பாலி ஹவுஸ்’தான். அங்கே வளர்வனவற்றுள் ‘தாஜ்மகால்’ என்னும் சிவப்பு வகைக்கு வெளிநாட்டில் நல்ல பெயர். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள், ஆஸ்திரேலியா, ஐரோப்பா என்று அது போகாத திசையில்லை.

பிப்ரவரி 14-க்குப் பூ வேண்டுமானால் டிசம்பர் முற்பாதியிலேயே செடியைக் கவாத்துச் செய்தாக வேண்டும். வெட்டிய கிளையிலிருந்து துளிர் வந்து, மொட்டாகி, அறுவடைக்கு வர நாற்பத்தைந்து முதல் ஐம்பது நாள் ஆகும். ஆகவே வளர்ப்பவர் தம் பணத்தைப் பந்தயம் வைப்பது டிசம்பரில். கணக்குத் தீர்வது பிப்ரவரியில். இடையில் உலகில் என்ன நடந்தாலும் செடியிடம் போய் “கொஞ்சம் பொறு” என்று சொல்ல முடியாது.

அறுத்த பூவும் உயிருள்ள பொருளே. அது மூச்சு விடுகிறது; சேர்த்து வைத்த சர்க்கரையை எரிக்கிறது. வெப்பம் கூடினால் அந்த எரிப்பும் விரைவாகிறது என்பது நாம் முதலாண்டில் படித்த வேக விதிதான். அதனால்தான் இரண்டு முதல் நான்கு டிகிரி குளிரில் அதை வைக்கிறார்கள். குளிரில் வைத்தாலும் அதன் ஆயுள் நீள்கிறதேயொழிய நிற்பதில்லை. இரும்பையும் கல்லையும் கிடங்கில் போட்டு நல்ல காலம் வரும்வரை காத்திருக்கலாம். ரோஜாவுக்கு அந்த வசதி இல்லை.

கடலில் நடந்தது

2023 அக்டோபர் 7-இல் இஸ்ரேலுக்கும் ஹமாஸுக்கும் இடையே போர் மூண்டது. காசா என்பது நம் ஓசூர் வட்டத்தைவிடச் சிறிய நிலப்பரப்பு. ஆனால் போர் அங்கேயே நிற்கவில்லை. ஏமன் நாட்டின் மேற்குப் பகுதியைத் தம் கையில் வைத்திருந்த ஹூதிகள், பாலஸ்தீனருக்கு ஆதரவு என்று சொல்லிச் செங்கடலில் செல்லும் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். நவம்பர் 19 அன்று ‘கேலக்ஸி லீடர்’ என்னும் கார் ஏற்றும் கப்பலில் ஹெலிகாப்டரில் வந்து இறங்கி அதைக் கைப்பற்றினார்கள். அந்தக் கப்பல் துருக்கியிலிருந்து குஜராத்தின் பிபாவாவ் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்தது. அதன் மாலுமிகள் 25 பேரும் விடுதலையானது 2025 ஜனவரியில்தான்.

செங்கடலின் தெற்கு வாயிலுக்குப் பாப் எல் மந்தப் என்று பெயர். அரபு மொழியில் ‘கண்ணீர் வாயில்’ என்று பொருள் சொல்வர். அகலம் சுமார் 30 கிலோமீட்டர். தளிக்கும் ஓசூருக்கும் உள்ள தூரத்தைவிடச் சற்றே அதிகம். ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே சூயஸ் வழியாகப் போகும் கப்பல்களெல்லாம் இந்த இடுக்கில் நுழைந்தே ஆகவேண்டும். உலக வணிகத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கும், பெட்டகக் கப்பல் போக்குவரத்தில் ஏறத்தாழ முப்பது விழுக்காடும் சூயஸ் வழியே நடந்துவந்தன.

டிசம்பர் நடுவில் பெரிய கப்பல் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த வழியை விட்டு விலகின. கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி, நன்னம்பிக்கை முனை வழியாகப் போயின. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபோது இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான தூரம் 7,000 கிலோமீட்டர் குறைந்தது என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அந்த 7,000 கிலோமீட்டரும் ஒரே மாதத்தில் திரும்பி வந்துவிட்டன. பயணம் பத்து முதல் பதினான்கு நாள் நீண்டது.

நாள் நீண்டால் என்ன என்று கேட்கலாம். ஊர்ப் பேருந்தை எண்ணிப் பாருங்கள். ஒரு வழித்தடத்தில் நான்கு பேருந்துகள் ஓடி அரைமணிக்கு ஒன்று வருகிறது. சாலையை வெட்டிவிட்டார்கள், சுற்றிப் போக வேண்டும், பயண நேரம் ஒன்றரை மடங்கு ஆகிறது என்று கொள்வோம். பேருந்து எண்ணிக்கை நான்கேதான். ஆனால் நிறுத்தத்தில் நிற்பவனுக்கு முக்கால் மணிக்கு ஒன்றுதான் வரும். கூட்டம் சேரும். கப்பலிலும் இதுவே நடந்தது. கப்பல்கள் குறையவில்லை, கப்பலில் இடம் குறைந்துவிட்டது. டுருவ்ரி என்னும் நிறுவனம் வெளியிடும் குறியீட்டின்படி, நாற்பதடிப் பெட்டகம் ஒன்றின் சராசரிக் கட்டணம் 2023 நவம்பர் இறுதியில் ஏறத்தாழ 1,400 டாலராக இருந்தது. 2024 ஜனவரி இறுதியில் 3,900 டாலரைத் தாண்டியது. துணிந்து செங்கடல் வழியே போன கப்பல்களுக்கோ போர்க்காலக் காப்புறுதிக் கட்டணம், கப்பல் மதிப்பில் ஒரு விழுக்காட்டை நெருங்கியது. எண்ணூறு கோடி ரூபாய்க் கப்பல் என்று வைத்துக்கொண்டால் ஒரு முறை கடந்து போக மட்டும் எட்டுக் கோடி.

இனி ரோஜாவுக்கு வருவோம். ஐரோப்பியக் கடைகளுக்குக் குறித்த நாளில் போய்ச் சேரவேண்டிய ஆயத்த ஆடைகள் பதினான்கு நாள் பிந்தினால் பருவமே போய்விடும். ஆகவே கப்பலில் போக வேண்டிய துணிமூட்டைகளில் ஒரு பகுதி விமானத்துக்கு மாறியது. துபாய்வரை கப்பல், அங்கிருந்து விமானம் என்றும் ஏற்றுமதியாளர் வழி தேடினர். வங்காளதேசத்து ஆடைகள் லாரியில் ஏறித் தில்லி விமான நிலையத்துக்கே வந்தன. விமானத்தின் வயிறு அளவுடையது. அதில் இடம்பிடிக்க ஆடையும் பூவும் போட்டியிட்டால் எது வெல்லும்? ஒரு கிலோ எடைக்கு எது மிகுந்த கட்டணம் தாங்குமோ அதுவே வெல்லும். ஆடை தாங்கும், ரோஜா தாங்காது.

இதுதான் அம்மா மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்ததன் காரணம். முழுக் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆப்பிரிக்காவில் கென்யாவும் எத்தியோப்பியாவும் நம்மைவிட மலிவாகப் பூ வளர்த்து ஐரோப்பாவைப் பிடித்து வெகுநாளாயிற்று. தை, மாசி முகூர்த்தங்களில் உள்ளூரிலேயே நல்ல விலை கிடைக்கிறது என்று பலர் ஏற்றுமதியைக் குறைத்தும் வருகிறார்கள். ஆனால் டிசம்பரில் ஏற்றுமதியை நம்பிக் கவாத்து வெட்டியவருக்கு, ஜனவரியில் கட்டணம் ஏறியது மீளமுடியாத அடி. பூ உள்ளூர்ச் சந்தைக்குத் திரும்பியது. உள்ளூர்ச் சந்தைக்குப் பூவை இவ்வளவு நுணுக்கமாகத் தரம் பிரிக்க வேண்டியதில்லை. எனவே கொட்டகையில் ஆளும் வேண்டியதில்லை.

மாங்கூழின் கதை

பூவைப் போல நுட்பமான வழியில் அன்றி, நேராகவே அடிபட்டது நம் மாவட்டத்து மாங்கூழ். கிருஷ்ணகிரி என்றால் மாம்பழம். அதிலும் பெங்களூரா என்று நாம் சொல்லும் கிளிமூக்கு மாங்காய் பெரும்பாலும் தின்பதற்காக விளைவதன்று. கூழ் ஆலைக்காகவே விளைவது. இரும்பு உருளைகளில் கிருமியின்றி அடைக்கப்பட்ட கூழ் வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. சவூதியின் ஜெட்டா துறைமுகம் செங்கடலிலேயே இருக்கிறது என்பதை நிலப்படத்தில் பார்த்தால் மீதியை நான் சொல்லவேண்டியதில்லை.

கூழ் கெடாது, ஆண்டுக்கணக்கில் இருக்கும். அதுவே உழவருக்குப் பகையாக முடிந்தது. பழைய உருளைகள் கிடங்கில் இருக்கும்போது ஆலை புதிய மாங்காயை ஏன் வாங்கும்? 2025 பருவத்தில் விளைச்சலும் மிகுந்துபோக, கிளிமூக்கின் விலை கிலோ ஐந்து ரூபாய் அளவுக்கு இறங்கியது. அறுவடைக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று காயை மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. ஆந்திர அரசு, சித்தூர்ப் பக்கத்து உழவர்களுக்கு ஆலை எட்டு ரூபாய், அரசு நான்கு ரூபாய் என்று பன்னிரண்டு ரூபாய் உறுதி செய்தது. கூடவே கர்நாடக மாங்காய் தம் மாவட்டத்துக்குள் வரக்கூடாது என்று தடையும் போட்டது. தொலைவில் நடந்த சண்டையின் நெருக்கடி, பக்கத்துப் பக்கத்து மாநிலங்களுக்கிடையே ஒரு சிறு மாங்காய்ச் சண்டையாக வந்து முடிந்ததை எண்ணிச் சிரிப்பதா வருந்துவதா தெரியவில்லை.

ஜூஜூவாடி என்னும் இடுக்கு

வழி அடைபடுவது என்றால் என்ன என்பதை எல்லையோரத்துப் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2016 செப்டம்பரில் காவிரி நீர் தொடர்பான உச்சநீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து பெங்களூரில் கலவரம் மூண்டபோது, தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகள் ஓசூரோடு நின்றுவிட்டன. அந்தப் பக்கம் அத்திப்பள்ளி, இந்தப் பக்கம் ஜூஜூவாடி. நடுவே மக்கள் மூட்டை முடிச்சோடும் குழந்தைகளோடும் நடந்து எல்லையைக் கடந்தார்கள். அப்பா அப்போது பெங்களூர்ச் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் வண்டியில் உதவியாளராக இருந்தார். ஒரு லாரிச் சுமை தக்காளியுடன் மூன்று நாள் நின்றது பற்றி இன்றும் சொல்வார். எங்கள் தெருவில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும்; யாரும் யாரோடும் சண்டையிடவில்லை. சண்டை வேறெங்கோ. நின்றது எங்கள் வண்டி.

ஜூஜூவாடியைப் பெரிதாக்கினால் சூயஸ்; இன்னும் பெரிதாக்கினால் ஹோர்முஸ். இடுக்கான வழி ஒன்றை ஒட்டி வாழ்பவர்கள் எண்ணிக்கையில் சிறியவர்களானாலும், அதன்வழி போகும் உலகத்தின் கழுத்து அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

முன்பும் நடந்ததே

இது புதிதன்று. 1967 ஜூன் 5-இல் தொடங்கிய அரபு–இஸ்ரேல் போர் ஆறே நாளில் முடிந்தது. ஆனால் அதனால் மூடப்பட்ட சூயஸ் கால்வாய் திறந்தது 1975 ஜூன் 5-ஆம் நாள்தான். எட்டு ஆண்டுகள்! நடுவழியில் சிக்கிய பதினான்கு கப்பல்கள் கால்வாய்க்கு இடைப்பட்ட ஏரியில் நங்கூரமிட்டுக் கிடந்து, பாலைவன மணல் படிந்து மஞ்சளாகிப் போனதால் அவற்றுக்கு ‘மஞ்சள் கப்பற்படை’ என்றே பெயர் வந்தது. ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் எண்ணெய் வரவேண்டும் என்றானபோது, சுற்றும் செலவை ஈடுகட்ட ஒரே தடவையில் இரண்டு லட்சம், மூன்று லட்சம் டன் ஏற்றும் மாபெரும் எண்ணெய்க் கப்பல்களைக் கட்டும் வேகம் கூடியது.

1973 அக்டோபரில் மீண்டும் போர். இம்முறை அரபு நாடுகள் எண்ணெயையே ஆயுதமாக எடுத்தன. பீப்பாய் மூன்று டாலராக இருந்த விலை சில மாதங்களில் பன்னிரண்டு டாலரை நெருங்கியது. எண்ணெய் வாங்கும் பணக்கார நாடுகள் கூடி 1974-இல் பன்னாட்டு எரிசக்தி முகமையை அமைத்தன. ஆபத்துக்கென்று எண்ணெயைச் சேமித்து வைக்கும் வழக்கம் வேர்பிடித்தது அதிலிருந்துதான். அதே 1974-இல் ‘சாகர் சாம்ராட்’ என்னும் துளையிடும் கலம் மும்பைக் கடலில் எண்ணெய் கண்டது நமக்குக் கிடைத்த சிறு ஆறுதல்.

1990 ஆகஸ்ட் 2-இல் ஈராக் குவைத்தை விழுங்கியது. அங்கிருந்த நம் நாட்டவர் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேரை ஜோர்டான் நாட்டின் அம்மான் வழியே விமானத்தில் மீட்டு வந்தார்கள். உலக வரலாற்றில் இதற்கு இணையான விமான மீட்பு அரிது. மீண்டவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். அவர்கள் அனுப்பிவந்த பணம் நின்றது. எண்ணெய் விலையோ ஏறியது. முன்பே நலிந்திருந்த நம் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சில வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலைக்கு வந்தது. 1991-இல் நாட்டின் தங்கம் வெளிநாட்டுக்குப் போனது: மே மாதம் 20 டன், ஜூலையில் ஏறத்தாழ 47 டன். வீட்டில் தாலிக்கொடியை அடகு வைத்தவர்களுக்கு இந்தச் செய்தியின் கனம் தெரியும். அதன்பின் வந்த பொருளாதார மாற்றங்களைப் பற்றிப் பொருளியல் துறை நண்பர்கள் எழுதட்டும்.

அடுப்பும் யூரியாவும்

இனி என் பாடத்துக்குப் பக்கத்தில் வருகிறேன். இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85-க்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. சமையல் எரிவாயுவில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு இறக்குமதி. அதில் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து. அது வரும் வழி ஹோர்முஸ் நீரிணை. குறுகிய இடத்தில் அகலம் 39 கிலோமீட்டர்தான். 2024-இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு கோடி பீப்பாய் எண்ணெய் இதன்வழி சென்றது. உலகம் எரிப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. 2025 ஜூன் 13-இல் இஸ்ரேல் ஈரானைத் தாக்கியதும் பீப்பாய் 70 டாலர் அளவிலிருந்து 80-ஐ நோக்கி ஏறியது. 24-ஆம் தேதி சண்டை நின்றதும் இறங்கியது. பன்னிரண்டு நாள்களில் ஒரு சொட்டு எண்ணெயும் குறையவில்லை. விலையை ஏற்றியது தட்டுப்பாடு அன்று, தட்டுப்பாடு பற்றிய அச்சம்.

அச்சத்துக்கு மருந்து சேமிப்பு. விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய இடங்களில் பாறையைக் குடைந்து 53 லட்சம் டன் கச்சா எண்ணெய் வைக்க இடம் செய்திருக்கிறார்கள். நாட்டின் தேவைக்கு ஒன்பதரை நாள் வரும். இந்தக் குகைகளுக்கு இரும்புத் தகடோ காரைப்பூச்சோ உள்ளே கிடையாது, வெறும் பாறைதான். பாறையின் விரிசல்களில் எப்போதும் நீர் நிறைந்திருக்கச் செய்கிறார்கள். நீரின் அழுத்தம் எண்ணெயின் அழுத்தத்தைவிட மிகுதியாக இருப்பதால் எண்ணெய் வெளியே கசிய வழியில்லை. நீர்தான் சிறிது உள்ளே கசிந்து அடியில் தங்கும், அதை இறைத்துவிடலாம். கல்குவாரி மாவட்டத்தில் பிறந்த எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி. ஆனால் சமையல் வாயுவுக்கு விசாகப்பட்டினத்தில் அமைத்த பாறைக்குகை 60,000 டன்தான் கொள்ளும். நாடு ஒரே நாளில் எரிப்பது அதைவிட மிகுதி. விறகடுப்பை விட்டுச் சிலிண்டருக்கு மாறியதில் எங்கள் பாட்டியின் இருமல் நின்றது. அதே சிலிண்டர் எங்கள் சமையலறையை ஹோர்முஸோடு கட்டிவிட்டது என்பதும் உண்மை.

வயலும் அதே கயிற்றில் கட்டப்பட்டதே. யூரியாவை ‘வெள்ளை உப்பு’ என்பார் எங்கள் தாத்தா. அது மண்ணில் வெட்டியெடுப்பதன்று. இயற்கை வாயுவிலுள்ள மீத்தேனை நீராவியுடன் சேர்த்து ஹைட்ரஜனைப் பிரித்து, அதைக் காற்றிலுள்ள நைட்ரஜனோடு உயர் அழுத்தத்தில் கூட்டினால் அம்மோனியா. அம்மோனியாவுடன் கரியமில வாயு சேர்ந்தால் யூரியா. நைட்ரஜன் இலவசம். மீத்தேனுக்குத்தான் விலை, நாம் பயன்படுத்தும் வாயுவில் ஏறத்தாழப் பாதி கத்தார் முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. 2022 பிப்ரவரி 24-இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தபோது உலகச் சந்தையில் வாயு விலையும் உர விலையும் எகிறின. நம் உழவர் 45 கிலோ யூரியா மூட்டையை ரூ. 266.50-க்கே வாங்கினார். அப்படியானால் போர் அவரைத் தொடவில்லையா? தொட்டது, அடி அரசு கஜானாவில் விழுந்தது. 2022–23-இல் உர மானியம் ஏறத்தாழ இரண்டரை லட்சம் கோடி ரூபாய். அந்தப் பணத்தில் எத்தனை கல்லூரி விடுதிகள் கட்டலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அழித்துவிட்டேன்.

நட்பும் பகையும் புரண்ட விதம்

சண்டை வணிகத்தைத் திருப்புகிறது. வணிகம் நாடுகளின் உறவைத் திருப்புகிறது. உக்ரைன் போருக்குமுன் நாம் வாங்கிய கச்சா எண்ணெயில் ரஷ்யாவின் பங்கு நூற்றுக்கு இரண்டு. மேலைநாடுகள் ரஷ்ய எண்ணெயை ஒதுக்கியதும் அது தள்ளுபடியில் கிடைத்தது, நாம் வாங்கினோம், 2023–24-இல் பங்கு முப்பத்தைந்தைத் தொட்டது. வேடிக்கை என்னவென்றால், இங்கே சுத்திகரித்த டீசலை ஐரோப்பாவே வாங்கிக்கொண்டது. பின்னர் ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி, அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் நம் சரக்குகள்மீது கூடுதலாக 25 விழுக்காடு வரி போட்டது. முன்பு போட்டதோடு சேர்ந்து ஐம்பது விழுக்காடு ஆயிற்று. எண்ணெய் வாங்கியவர் யாரோ; அடி வாங்கியது திருப்பூரில் பனியன் தைப்பவர். தள்ளுபடியில் வாங்கியது தவறென்று நான் சொல்லவில்லை. எழுபது டாலருக்கே தடுமாறும் நாடு மலிவாகக் கிடைப்பதை விடமுடியாது. ஆனால் மலிவின் பலன் ஓரிடத்திலும் அதன் தண்டனை வேறோர் இடத்திலும் விழுந்தது என்பதை யாரும் உரக்கச் சொல்லவில்லை என்பதே என் குறை.

கடலில் நம் நிலை வேறு. அமெரிக்கா 2023 டிசம்பரில் அமைத்த செங்கடல் கூட்டணியில் இந்தியா சேரவில்லை. ஆயினும் நம் கடற்படைக் கப்பல்கள் ஏடன் வளைகுடாவில் நின்றன. 2024 ஜனவரி 26 குடியரசு நாளன்று ‘மார்லின் லுவாண்டா’ என்னும் எண்ணெய்க் கப்பல் ஏவுகணை பட்டு எரிந்தபோது, ஐ.என்.எஸ். விசாகப்பட்டினத்தின் வீரர்கள் அதில் ஏறித் தீயணைக்க உதவினார்கள். கப்பலில் இருந்தவர்களில் 22 பேர் இந்தியர். ஏற்றியிருந்த சரக்கு ரஷ்ய நாப்தா. மார்ச் 6-இல் ‘ட்ரூ கான்ஃபிடன்ஸ்’ தாக்கப்பட்டு மூன்று மாலுமிகள் இறந்தனர். மற்ற 21 பேரை மீட்டது ஐ.என்.எஸ். கொல்கத்தா. எவர் பக்கமும் சேராமல் எல்லாருக்கும் உதவுவது எளிய காரியம் அன்று.

தில்லி வழியே வந்த வங்காளதேச ஆடைகளைச் சொன்னேன் அல்லவா? 2020-இல் அளித்திருந்த அந்த வழிச்சலுகையை 2025 ஏப்ரல் 8-இல் இந்தியா திரும்பப் பெற்றது. நம் விமான நிலையங்களில் நெருக்கடி என்பது சொல்லப்பட்ட காரணம். இரு நாட்டு உறவு அப்போது கசந்திருந்தது என்பதும் ஊரறிந்த செய்தி. ஒரு சரக்குப் பெட்டிக்கு இடம் இல்லை என்று சொல்வதற்குள் எவ்வளவு அரசியல் இருக்கிறது!

இறுதியாக, நம் தொழிற்பேட்டைக்கு வந்த செய்தி. 2025 ஏப்ரல் 4-இல் அமெரிக்க வரிக்குப் பதிலடியாகச் சீனா அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றாலான காந்தங்களுக்கும் ஏற்றுமதி அனுமதிக் கட்டுப்பாடு விதித்தது. மின் ஸ்கூட்டர் மோட்டாரில் உள்ளது நியோடிமியம்–இரும்பு–போரான் காந்தம். மோட்டார் சூடேறும்போது காந்தத்தன்மை குன்றாதிருக்க அதில் சிறிது டிஸ்ப்ரோசியம் சேர்ப்பர். தனிம வரிசை அட்டவணையின் அடிவாரத்தில், தேர்வில் வராது என்று நாம் தாவிச்செல்லும் தனிமம் அது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து வண்டித் தொழிற்சாலைகளில் அவ்வாண்டு அந்தக் காந்தமே பேச்சு. பசுமைக்குடிலில் சொட்டுநீரில் கரைத்துவிடும் உரங்களும் சீனாவிலிருந்தே மிகுதியாக வருபவை. 2025 நடுவில் அவையும் தடைபட்டன. ஆகஸ்டில் சீன வெளியுறவு அமைச்சர் தில்லிக்கு வந்தபோது நடந்த பேச்சில் எல்லைப் பிரச்சினையோடு உரமும் காந்தமும் இடம்பெற்றன.

அம்மா இன்றும் அதே கொட்டகையில்தான் வேலை செய்கிறார். வெளிநாட்டுக்கான அறுபது சென்டிமீட்டர்த் தண்டு ஒரு பக்கம், கல்யாண மண்டபங்களுக்கான பூ இன்னொரு பக்கம் என்று இரண்டு மேசைகள் போட்டிருக்கிறார்களாம். டிசம்பரில் கவாத்து முடிந்தவுடன் அவர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: “பேப்பர்ல அந்தக் கடல் பத்தி ஏதாச்சும் போட்டிருக்கானா, பாரு.” நான் தேநீர்க் கடைக்குப் போய் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தை முதலில் புரட்டுகிறேன்.